உத்திரக் கட்டைக்கு வயது கேட்டேன்

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு சர்வேக்காரர்கள் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். மாடிக்குப் போடவில்லை. மகனும் மருமகளும் படுப்பது அந்த மாடியில்தான். அது பழைய மாடி என்று அத்தாட்சி காட்டினால்தான் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அவர்களுக்கும் இடம் கிடைக்குமாம். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் உழைப்பில் போட்ட மாடி அது. இங்கே மாடி போட்டவர்களில் யார் பில் வாங்கி வைத்தார்கள்?

அப்படி நான் குழம்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து கையைப் பிடித்தாள்.

"ஆச்சி, ஸ்கூல் கிரவுண்டுல காடு, மரம், கட்டை பத்தியெல்லாம் ஃப்ரீயா சொல்லித் தாராங்க. மம்மி டியூட்டிக்குப் போயிட்டா, நீங்க கூட வாங்க."

போனேன். மேசை மேல் விதவிதமாகக் கட்டைகள். பிள்ளைகள் தடவுவதும் மோந்து பார்ப்பதுமாக இருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வட்டமான துண்டு ஒன்றைக் காட்டி இந்தியில் பேச, சிறுமி அதன்மேல் விரலை ஓட்டி எண்ணினாள்.

"என்னட்டி எண்ணுத?"

"மரத்தோட வயசு ஆச்சி. ஒரு வளையம்னா ஒரு வருசம்."

அந்தப் பெண்ணின் கழுத்தில் கார்டு தொங்கியது. சர்வேக்காரர்களுக்கும் அப்படித்தான் தொங்கும். மரத்துக்கே வயது சொல்கிறவள் என் மாடிக்குச் சொல்லமாட்டாளா என்று தோன்றியது. மறுநாளும் இருப்பார்கள் என்றாள் சிறுமி.

மாடியைத் தாங்கும் உத்திரத்தின் நுனி சந்துப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஸ்டூல் மேல் ஏறி நானே அதை ரம்பத்தால் அறுத்தேன். சிறுமியின் அம்மா வேலையிலிருந்து வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்ன ஆச்சி, அவங்க இடிக்கதுக்கு முன்னால நீங்களே ஆரம்பிச்சாச்சா?"

"உன் சோலியப் பாருட்டி."

மறுநாள் கட்டையைக் கொடுத்ததும் பச்சைச் சட்டைக்கு அவ்வளவு சந்தோஷம். அறுத்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்து எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். தேக்காம். எனக்குத் தெரியாதா? தாருகானாத் துறையில் உடைத்த பழைய கப்பலின் மரம், வீட்டுக்காரர் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தது.

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சி," என்றாள் சிறுமி. "வெளிப்பக்கத்தச் சீவிட்டாங்களாம், முழு வயசு தெரியாதாம்."

"அது போதும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு. மாடிக்குக் காட்டணும்."

அந்தப் பெண் விழித்தாள். பிறகு மெதுவாக, நிறையப் பேசினாள். சிறுமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அது மரம் காட்டுல நின்ன வயசாம். வெட்டுனப்புறம் வளையம் வராதாம். உங்க வீட்டுல எப்ப வச்சீங்கன்னு கட்டைக்குத் தெரியாதாம்."

"இத்தன வருசமா எங்க எல்லாரையும் தாங்கிட்டு நிக்கி. அதுக்குத் தெரியாதாமா?"

இதைச் சிறுமி இந்தியில் சொல்லவில்லை.

காட்டில் நின்றதற்குக் கணக்கு உண்டு, என் வீட்டில் நின்றதற்குக் கணக்கு இல்லை. இது என்ன படிப்போ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் சர்வேக்காரர் ஒருவர் மறுபடி வந்தார். சிறுமியும் என் பக்கத்தில் நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார். உத்திரத்தின் அறுத்த முகம் பொன்னாக மின்னியது.

"யே தோ நயா ஹை, மாஜி." நயா என்றால் புதுசு என்பது எனக்கே தெரியும்.

"வெட்டுதான் புதுசு, கட்டை பழசுன்னு சொல்லுட்டி!"

சிறுமி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலையாட்டியது சரி என்றா, கிழவி கதை விடுகிறாள் என்றா, தெரியவில்லை.

மறுபடி ஆள் வருமுன் அந்த முகத்தில் கரியைக் குழைத்துப் பூசிவிடலாம் என்கிறாள் மருமகள். உள்ளதை உள்ளதென்று காட்ட எதற்குப் பூச்சு என்று சத்தம் போட்டேன். அவள் ஒரு டப்பாவில் கரியைக் குழைத்து ஏணிக்கடியில் வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடவில்லை. எடுத்துக் கொட்டவும் இல்லை.