சாம்பார் வாளியும் திறக்காத டிவிடியும்

முதலில் ஒரு விடுகதை. நடப்பார், கால் வலிக்காது. பரிமாறுவார், நம் இலையில் விழாது. தட்டுக்குள்ளேயே இருப்பார், கூப்பிட்டால் வரமாட்டார். யார் அவர்? யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை வெகு தூரத்தில் இல்லை.

கணினியில் படம் திருத்துகிறவர்களுக்குப் பாதி நாள் படத்தோடு போகும், மீதி நாள் பிழைச்செய்தியோடு போகும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் நான் அந்த வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். மூடிய கண்ணைத் திறப்பது, வேட்டி கட்டியவருக்குக் கோட்டு மாட்டுவது, சண்டை போட்டுப் பிரிந்த மைத்துனரைக் குடும்பப் படத்திலிருந்து அப்புறப்படுத்துவது எல்லாம் கைவந்த வேலைகள். பிறகு மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. வீடியோவையும் உள்ளே இழுத்து, அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்து எடுக்கலாம் என்றார்கள். அன்று பிடித்தது சனி.

அந்தப் பெட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திரையின் நடுவில் வந்து நிற்கும். 'வீடியோவைத் திறக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஏன் முடியவில்லை என்று சொல்லாது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: சரி. முடியாது என்று சொல்வதும் அது, அதற்குச் சரி என்று நம்மைச் சொல்லவைப்பதும் அது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒருநாளும் அந்தப் பொத்தானை அழுத்தியதில்லை. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தித்தான் மூடுவேன். பலன் ஒன்றுதான். ஆனால் மரியாதை வேறு.

தட்டுக்குள் இருப்பவர்

ஒரு திங்கட்கிழமை செல்வராணி என்ற பெண் தன் மகள் ஜெனியோடு படியேறி வந்தார். ஜெனி ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அப்பா அந்தோணி ஒரு சமையல் குழுவில் இருந்தவர். கல்யாணப் பந்திகளில் சாம்பார் ஊற்றுவது அவர் வேலை. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். முதல் வருடப் பூசை வருகிறது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்ததோ வாக்காளர் அட்டைப் படம் மட்டும். அந்த அட்டைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அது அப்பா இல்ல" என்று ஜெனி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நம் பக்கத்துக் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை விட்டாலும் விடுவார்கள், பந்தியை விடமாட்டார்கள். கேமராக்காரர் ஒவ்வோர் இலையாக நடந்து காட்டிக்கொண்டே போவார். சாப்பிடுகிறவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், பரிமாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதைத் தெரிந்து வைத்திருந்த செல்வராணி, அந்தோணி பரிமாறிய ஒரு கல்யாண வீட்டில் கேட்டு டிவிடித் தட்டை வாங்கி வந்திருந்தார். விடுகதைக்கு விடை இப்போது கிடைத்திருக்கும்.

டிவிடியை உள்ளே போட்டேன். பெட்டி வந்து நின்றது. எங்கள் ஸ்டுடியோ உரிமையாளர் சந்தானம் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டு அட்டையை ஸ்கேன் பண்ணிக் கோட்டு மாட்டிக் கொடுத்துவிடு, பூசைக்கு அது போதும் என்றார். ஜெனி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, அப்பா இதுக்குள்ளதான இருக்காரு? தொறக்கலைன்னா தொறக்குற வரைக்கும் தட்டுங்க."

தறி முந்திய கதை

தட்டுவதிலும் ஒரு நிதானம் வேண்டும் என்பதை அதற்கு முன்பே பட்டுத் தெரிந்திருந்தேன். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் ஒருவர் தன் தங்கை கல்யாண வீடியோவோடு வந்திருந்தார். அதில் யாரோ ஒரு விருந்தாளி கட்டியிருந்த சேலையின் முந்தியை அவர் அச்சாக எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வீடியோ அதிசயமாக முதல் தட்டிலேயே திறந்தது. எந்தப் பகுதி வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. நான் பெருமையில் 'முழுவதும்' என்று சொல்லிவிட்டேன்.

வீடியோவில் ஒவ்வொரு நொடிக்கும் இருபத்தைந்து படம். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரைக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனி ஏடாக அடுக்கத் தொடங்கிய கணினி, மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. வியாபாரி இரண்டாவது டீயையும் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நாங்க தறியில ஒக்காந்திருந்தா இந்நேரம் முந்தியே நெய்ஞ்சு முடிச்சிருப்போமே?"

டிவிடிக்குப் பல் துலக்கியது

ஆகவே ஜெனியின் டிவிடியில் நான் அவசரப்படவில்லை. முதல் வேலை, தட்டில் இருப்பதைக் கணினிக்குள் நகல் எடுப்பது. தட்டிலிருந்து நேராக இழுத்தால் மென்பொருள் பாதி வழியில் கையை விரித்துவிடும். நகல் எடுக்கும்போது பந்தி தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. தட்டைத் திருப்பிப் பார்த்தால், சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் வந்ததன் கீறல்கள்.

எங்கள் வீடியோகிராபர் பாண்டிக்கு இதற்கு ஒரு வைத்தியம் தெரியும். வெள்ளைப் பற்பசையைத் துணியில் தொட்டு, தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் இருப்பதும் போய்விடும். பாண்டி கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பக்குவமாகத் துடைத்தான், கழுவினான், நிழலில் உலர்த்தினான். நகல் முழுதாக ஏறியது. சந்தானம் அண்ணன் அதைப் பாராட்டவும் செய்தார்: "ஏலே பாண்டி, தட்டுக்கு வெளக்கிட்ட. இன்னைக்கு நீ வெளக்குனியா?"

கறுப்புப் படம்

நகல் ஏறியும் பெட்டி போகவில்லை. டிவிடிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்றெழுத்தை மாற்றினால் சில சமயம் மென்பொருள் ஏமாந்து திறக்கும். மாற்றினேன். ஏமாறவில்லை. செல்வராணியும் ஜெனியும் பெஞ்சில் காத்திருந்தார்கள். பாண்டி பொறுமை இழந்து, "தள்ளுங்கக்கா" என்று உட்கார்ந்தான். பிளேயரில் வீடியோவை ஓடவிட்டான். அந்தோணி வந்த இடத்தில் நிறுத்தினான். திரையை அப்படியே படம் பிடிக்கும் விசையை அழுத்தி, புதுத் தாளில் ஒட்டினான். வாளியோடு அந்தோணி நின்றார்! செல்வராணி எழுந்து திரைக்கு முன்னால் வந்துவிட்டார். பாண்டி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அச்சுக்குக் கொடுத்தான். வந்தது ஒரு கறுப்புச் சதுரம்.

அந்தக் காலத்துக் கணினியின் கண்கட்டு வித்தை இது. பிளேயர் வீடியோவைத் திரையில் நேராகக் காட்டாது. திரையில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டைக்குப் பின்னால் ஓடவிடும். பாண்டி பிடித்தது அந்த ஓட்டையைத்தான். பின்னால் பிளேயர் திறந்திருந்தவரை ஓட்டை வழியே அந்தோணி தெரிந்தார். தாளில் இறங்கியது ஓட்டை மட்டும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது செல்வராணி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் பாண்டியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு கறுப்புதான் தம்பி. ஆனா இம்புட்டு கறுப்பு இல்ல."

சீப்புப் பல்

அன்று எல்லோரும் போன பிறகு கோபத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தேன். டிவிடியில் வீடியோவைச் சுருக்கி மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பைப் பிரிக்க எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, முடியாது என்று சொல்கிறது. அப்படியானால் அதற்குத் தெரிந்த மடிப்பில் மடித்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை வந்ததும், ஒரு மாற்றியைக் கொண்டு பந்திப் பகுதியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றினேன். இழுத்துப் போட்டேன். பெட்டி வரவில்லை. ஏடு ஏடாகப் பந்தி அடுக்கிக்கொண்டு வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

முதல் சில ஏடுகளில் அந்தோணி வாளிக்குள் குனிந்து அசையாமல் நிற்கிறார். தெளிவான படம், ஆனால் பாதி முகம்தான். அப்புறம் ஒரு பெரியவர் போதும் போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைக்கிறார். அந்தோணி விரல் இடுக்கு வழியாகவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அந்நாளைய கேமரா முதலில் ஒற்றைப்படை வரிகளையும் பிறகு இரட்டைப்படை வரிகளையும் பிடிக்கும். இடையில் ஆள் அசைந்தால் இரண்டும் ஒட்டாது. ஒரு வரிசையை எறிந்துவிட்டு, இருக்கிற வரிசையைக் கொண்டு இடைவெளியை நிரப்பினேன். முகம் சேர்ந்துவிட்டது. கரண்டி பிடித்த கை மட்டும் கொஞ்சம் மங்கல். போதாததற்கு, வீடியோவை வெட்டி ஒட்டியவர் பறக்கவிட்ட மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று சரியாக வாளியின் மேல் உட்கார்ந்திருந்தது. இது எதற்கய்யா என்று பாண்டியைக் கேட்டேன். "பட்டாம்பூச்சி பறக்கலைன்னா கல்யாணம் நடந்ததாவே பொண்ணு வீட்டுல ஒத்துக்க மாட்டாகக்கா."

காளையும் கோலப்புள்ளியும்

இந்த நேரத்தில்தான் நத்தத்திலிருந்து வந்திருந்த ஜெனியின் தாய்மாமன், செல்வராணியையும் ஜெனியையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். மாங்காய் வியாபாரி, பெரிய மீசை. கதவளவு படம் வேண்டும் என்றார். நான் அவருக்கு, முன்பு தொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு காளைக்காரரின் கதையைச் சொன்னேன். அந்தக் காளைக்காரர் செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து, அதில் இருக்கும் தன் காளையை வண்டி அகலத்துக்குப் பிளெக்ஸ் அடிக்கச் சொன்னார். வீடியோவின் அளவோ தபால்தலை. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அடித்து விரித்ததும் காளை சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்தது. அவர் பிளெக்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, இதுல என்ற காளை எங்கீங்க? கோலப்புள்ளிதானுங்க தெரியுது?"

மாமாவின் கோட்டு

மாமா அளவை விட்டுக்கொடுத்தார். வாளியை விட்டுக்கொடுக்கவில்லை. சிரிக்கிற படத்தைத் திரையில் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுறது. வாளியும் கையுமா நின்னா வீட்டுக்கு வாரவக என்ன நினைப்பாக? நாளைக்கு இவள பொண்ணு பாக்க வரும்போது அதுதான கண்ணுல படும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை குடும்பம் நாலு பேர் நடுவில் குறைந்து தெரியக்கூடாது என்ற கவலை அவருக்கு. சந்தானம் அண்ணனும் நீலக் கோட்டைத் தயாராக எடுத்து வைத்தார். அந்தக் கோட்டு எங்கள் கணினியில் நெடுநாளாக இருந்தது. எங்கள் தெருவில் இறந்துபோன ஆண்களில் பாதிப்பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஜெனி பெஞ்சிலிருந்து இறங்கி வந்து மாமாவுக்கு முன்னால் நின்றாள். அவர் மீசைக்கு அண்ணாந்துதான் பேச வேண்டியிருந்தது. "மாமா, ஒங்க கல்யாணத்துக்கும் அப்பாதான் சாம்பார் ஊத்துனாருன்னு அம்மா சொல்லிருக்கு. அன்னைக்குக் கோட்டுப் போட்டா ஊத்துனாரு?"

மூன்று படங்கள்

நான் மூன்று படங்களை ஒரே அளவில் அச்செடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். முதலாவது, ஓட்டு அட்டை முகத்துக்கு நீலக் கோட்டும் டையும். இரண்டாவது, குனிந்து நிற்கும் தெளிவான பாதி முகம், வாளி தெரியாமல் வெட்டியது. மூன்றாவது, விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுச் சிரிக்கிற படம். அதில் பட்டாம்பூச்சியை மட்டும் அழித்திருந்தேன். கை மங்கல் அப்படியே இருந்தது. அதை என்னால் தீர்க்க முடியவில்லை, தீர்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

செல்வராணி மூன்றையும் பார்த்தார். மூன்றாவதன் மேல் கை வைத்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ அப்பா. அவளே சொல்லட்டும்" என்றார். மாமா முதல் படத்தை ஜெனி பக்கம் சற்று நகர்த்தி வைத்தார். "இதுதான் பாக்க மதிப்பா இருக்கு. என்ன தாயி, சரிதான?"

மாமாவின் கேள்விக்கும் கீழே ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

ஜெனி மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டாள். வாளியை வெட்ட வேண்டாம் என்றாள்.