கரவனுக்கு ஒரு காவல் பெட்டி

2011 மார்ச் மாதம், சனிக்கிழமை காலை பத்தரை மணி. கவுண்டரில் நான்கு பெட்டிகள் வரிசையாக இருந்தன. எதிரே நின்றவர் கிரவீனில் வசிக்கும் குணரட்ணம்.

கரவன் சாமான் விற்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாங்கள் விற்றது மக்கர் பண்ணும்போது வாங்கியவர் எப்படியும் நானூறு, ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்பார். ஒரு வசதியீனமும் உண்டு. அவர் கையில் போன் இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று நாரி வலி கண்ட தோழர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் இந்தத் தொழிலுக்கென்று படித்தவன் அல்ல. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் செய்திகளைச் சுருக்கித் தலைப்புப் போட்டுக்கொண்டிருந்தவன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, 2009இல் லிட்கம் என்ற ஊரில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் கரவன் வீடுகளுக்கான சாமான் கடையில் சேர்ந்தேன். முதலாளி கிரெக் நேர்முகத்தில் கேட்டது ஒரே கேள்வி: “மனுவல் வாசிப்பாயா?” வாசிப்பேன் என்றேன். சொன்னபடியே வாசித்தேன். மின்சாரப் பெட்டி ஒன்றின் மனுவலில் முதல் வாரமே எழுத்துப் பிழைகளும் ஓர் ஒருமை பன்மைக் குழப்பமும் கண்டுபிடித்துக் கிரெக்கிடம் காட்டினேன். அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

எழுதாதது

குணரட்ணத்தை எல்லோரும் குணம் அங்கிள் என்பார்கள். தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வருத்தம் அவருக்கு. மூக்கில் ஒரு மூடியை மாட்டிக் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷினோடுதான் படுப்பார். ஒரு இரவுகூட அது இல்லாமல் படுக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. போன வருட ஈஸ்டர் விடுமுறையில், கரவன்களை நிறுத்திக் கரண்ட் எடுத்துத் தங்கும் கரவன் பார்க் ஒன்றில், கரண்ட் ஏறி அந்த மெஷின் கருகிவிட்டது. கரவனை இழுத்துக்கொண்டு, வடக்கே இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கெயின்ஸ் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்கிளின் ஆசை. இன்னொரு மெஷின் எரிந்தால் கரவனை விற்றுவிட வேண்டும் என்பது மனைவி பத்மா அன்ரியின் நிபந்தனை.

ஆகவே கரண்ட் எகிறினால் தடுக்கிற பெட்டி ஒன்று வேண்டும். கடையில் அதற்கு சேர்ஜ் புரொடெக்டர் என்று பெயர். அங்கிளின் வாயில் அது காவல் பெட்டி. எது நல்லது என்று கேட்டார். நான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, அட்டையில் அச்சிட்டிருந்ததைத் தமிழாக்கி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். மூன்றாவது அட்டை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘முழுமையான பாதுகாப்பு. முழுமையான நிம்மதி.’ நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதையே சிபாரிசு செய்தேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, அட்டையிலை எழுதியிருக்கிறதை நானும் வாசிப்பன். எழுதாததைச் சொல்லும்.”

வெள்ளவத்தையில் இருந்து வந்தது

அடுத்த சனிக்கிழமை அங்கிள் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். வண்டியில் போர்வையால் சுற்றிய ஒரு இரும்புப் பெட்டி. பிரித்தால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வெள்ளவத்தை வீட்டில் இவர்களுடைய பிரிட்ஜை அத்தனை வருடமும் காப்பாற்றியது. நாட்டை விட்டு வரும்போது அம்மி, ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு இதைக் கப்பலில் போட்டிருக்கிறார்கள். முகப்பில் ஊசி ஆடும் கண்ணாடி வட்டம் வேறு. “இதைக் கரவனிலை பூட்டினால் என்ன?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. பத்திரிகைக்காரன் அல்லவா? “ஆய்வு செய்து பார்க்கலாம்” என்றேன்.

ஆய்வின் முதல் கட்டமாக அதைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆய்வு அத்தோடு முடிந்தது. உள்ளேயிருந்து வந்த கிரெக் ஸ்டெபிலைசரைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து மெதுவாகக் கீழே விட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

“இதையும் ஏற்றப் போகிறார் என்றால், முதலில் லொறி ஒன்று வாங்கச் சொல்.”

கல்யாண வீட்டு வெளிச்சம்

மூன்றாம் முறை பத்மா அன்ரியும் கூட வந்தார். நான் மறுபடி மூன்றாவது பெட்டியின் புகழ் பாடினேன். அன்ரி குறுக்கிட்டு, மெஷின் எரிந்த அன்று நடந்ததைச் சொன்னார். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. திடீரென்று கரவனுக்குள் லைற் எல்லாம் கல்யாண வீடு மாதிரிப் பிரகாசமாக எரிந்தது. பிரகாசம் இறங்கவே இல்லை. அங்கிள் எழும்பிச் செருப்பைத் தேடிப் போட்டு, வெளியே போய் பிளக்கைப் பிடுங்குவதற்கிடையில் கருகல் மணம் வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு, மனுவல்களை இந்த முறை பிழை தேடாமல் வாசித்தேன். விஷயம் பெரிய இரகசியம் அல்ல. கரண்ட் ஒரு கணம் துள்ளி அடங்கினால் முதல் மூன்று பெட்டிகளும் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஏறிய கரண்ட் ஏறியபடியே நின்றால் அவையும் சேர்ந்து கருகும். பார்க்கின் பழைய வயரிங்கில் ஒரு கம்பி கழன்றால் நடப்பது இரண்டாவது. நான்காவது பெட்டி மட்டும் கரண்டை அளந்துகொண்டே இருக்கும். அளவுக்கு மேலே போனாலும் கீழே போனாலும் தொடர்பை வெட்டிவிட்டு, சரியான பிறகு தானாகவே மறுபடி இணைக்கும். வயர் மாறிப் பூட்டியிருந்தாலும் காட்டிக் கொடுக்கும். எல்லாம் சரியென்றால் பச்சை லைற் எரியும். அதன் அட்டையில் தலைப்பே இல்லை, வெறும் எண்கள். அதனால்தான் அது என் கண்ணில் படவில்லை என்று அன்ரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அங்கிளின் பக்கம் திரும்பினார்.

“பேப்பர்க்காரரிட்டைப் போய்ப் பெட்டி கேட்டால், தலைப்பைப் பாத்துத்தானே தருவினம்? நாலாவதை எடுங்கோ.”

பொயிண்ட் குக் மாவு

அதே பெட்டியை மெல்பேர்னில் பொயிண்ட் குக்கிலிருந்து பாலாஜி என்ற கொம்பியூட்டர் இன்ஜினியர் தபாலில் எடுத்திருந்தார். சொந்த ஊர் கோயம்புத்தூர். வருட நடுவில் வரும் குளிர்கால விடுமுறையில் ஒரு கடற்கரை கரவன் பார்க்கிலிருந்து போன் செய்தார். பெட்டி நொடிக்கொரு தரம் கரண்டை வெட்டுகிறதாம். உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். “ஒண்ணும் பெருசா இல்ல சார். ஹீட்டர், கெட்டில், அப்புறம் கிரைண்டர்” என்றார். என்ன கிரைண்டர் என்று கேட்டேன். “வெட் கிரைண்டர் சார். இட்லி இல்லாம எப்படி லீவு போறது?” பார்க்கில் பிளக் போடும் மின்கம்பத்துக்குப் பக்கத்து இடங்கள் நிறைந்துவிட்டதால், கடைசி மூலையில் நின்றுகொண்டு, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒன்றோடொன்று கோத்து இழுத்திருக்கிறார்.

நான் மனுவலைப் பார்த்து, அவ்வளவு தூரம் அந்த மெல்லிய வயரில் வந்து சேரும்போது கரண்ட் இளைத்துவிடும், கல் சுற்றத் தொடங்கினால் இன்னும் இளைக்கும், அளவுக்குக் கீழே போனதும் பெட்டி வெட்டும் என்று சொன்னேன். தடித்த வயர் ஒன்று போடுங்கள், ஹீட்டரையும் கிரைண்டரையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு இன்ஜினியருக்குப் பாடம் எடுத்த பெருமிதத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். மறுமுனையில் அவர் மனைவியோடு ஏதோ ஆலோசித்தார்.

“சரி சார். ஹீட்டரை நிறுத்துனா குழந்தை அழும், கிரைண்டரை நிறுத்துனா மாமியார் திட்டுவாங்க. குழந்தையை நான் சமாளிச்சுக்கிறேன்.”

வறண்டி

ஜூன் மாதம் குணம் அங்கிள் கெயின்ஸுக்குப் புறப்படுவதற்கு முன், கரவனைக் கோயில் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து பூசை வைத்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். குருக்கள் காருக்கும் கரவனுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். “ஐயா, அந்தப் பெட்டிக்கும் வையுங்கோ. அதை நம்பித்தானே இவரின்ரை மூச்சு இருக்கு” என்றார் அன்ரி. பெட்டியை நான்தான் கரவனின் பக்கத்தில், சின்னக் கூரை ஒன்றுக்கு அடியில் மாட்டிக் கொடுத்திருந்தேன். அதன் முகப்பில் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல ஒரு வட்டம் இருந்தது. குருக்கள் அதில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நான் விற்ற பொருளுக்கு முதன்முதலாகக் கற்பூரம் காட்டியதைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதுக்கு எத்தினை வருஷம் வறண்டி?” என்று குருக்கள் என்னிடம் கேட்டார். இரண்டு வருட உத்தரவாதம் என்றேன். அவர் விபூதித் தட்டை நீட்டினார்.

“காணும். அதுக்குப் பிறகு பிள்ளையார் பாப்பார்.”

பச்சை எரியேல்லை

மறுநாள் பின்னேரம், கடை பூட்டுகிற நேரம், முதல் இரவு தங்க நின்ற போர்ட் மக்குவாரியிலிருந்து அங்கிளின் போன். “தம்பி, பிளக்கைப் போட்டாச்சு. பச்சை எரியேல்லை.” மனுவலில் அதற்குத் தெளிவான கட்டளை இருந்தது: பச்சை எரியாவிட்டால் கரவனின் மெயின் சுவிட்சைப் போடாதே. வாசித்துக் காட்டினேன். மின்கம்பத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்த வயதில் கரவனைக் காரில் கொளுவி, நகர்த்தி, கழற்றி, மாற்றினார்கள். எரியவில்லை. இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னேன். பார்க் மனேஜர் வந்து, மற்ற எல்லோருக்கும் கரண்ட் நன்றாக இருக்கிறதே என்றாராம். மற்ற எல்லோரிடமும் இந்தப் பெட்டி இல்லை என்று நான் கர்வத்தோடு சொன்னேன்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மெயின் போடாமல் மெஷின் ஓடாது. பெட்டியைக் கழற்றிவிட்டு நேரே பூட்டினால் ஓடும். ஈஸ்டரில் எரிந்ததும் அப்படித்தான். போனில் அங்கிளுக்குப் பின்னால் அன்ரி, இரவோடு இரவாக வீட்டுக்குத் திரும்புவோம், கரவன் விளம்பரத்தை மகன் போடட்டும் என்று சொல்வது கேட்டது. மனுவலை முன்னும் பின்னுமாகப் புரட்டினேன். பின்னட்டையில் உற்பத்தியாளரின் முகவரி மட்டும் இருந்தது.

புறப்படுவதென்றால் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுவோம் என்று அன்ரி விபூதியும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போயிருக்கிறார். புதுப் பொட்டு வைப்பதற்காக, காய்ந்துபோன பழைய பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்திருக்கிறார். வட்டத்துக்குள் பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது. பிறகு அங்கிள் போனுக்கு வந்தார்.

“தம்பி, உம்மட மனுவலிலை சந்தனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையோ?”

வெட்டிய இரவு

அதன் பிறகு அவர்கள் போன் செய்யவில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழிக்கு மேல் போய், றொக்ஹம்ரனைத் தாண்டிய பிறகு ஒரு காலை, கடை திறக்கும் நேரம், அன்ரி போன் செய்தார். முந்திய இரவு அவர்கள் தங்கிய பார்க்கிலும் கல்யாண வீட்டு வெளிச்சம் வந்திருக்கிறது. பக்கத்துக் கரவனில் ரீவி கருகியது. அதற்கு அடுத்ததில் பிரிட்ஜிலிருந்து புகை வந்தது. இவர்களுடைய கரவனில் மட்டும் டக்கென்று ஒரு சத்தம், இருட்டு. பெட்டி வெட்டிவிட்டது. மெஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் சந்தோஷத்தில் கிரெக்கைக் கூப்பிட்டு, போனைப் பொத்திக்கொண்டு, “வேலை செய்துவிட்டது!” என்று கத்தினேன்.

அன்ரி இன்னும் முடிக்கவில்லை. கரண்ட் விடியும் வரை வரவில்லை. கரண்ட் இல்லாமல் மெஷின் இல்லை. மெஷின் இல்லாமல் மூச்சு இல்லை. நான் படித்த நான்கு மனுவலிலும் இந்தப் பக்கம் இல்லை. அந்த மெஷினைக் கரண்ட் போனாலும் ஓட்டக்கூடிய பற்றறி, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் தட்டில் இருந்தது. தூசு தட்டுவது நான்தான். அன்ரி விடியும்வரை கட்டிலில் குந்தியிருந்து, அங்கிளின் குறட்டை நின்ற போதெல்லாம் விலாவில் இடித்து எழுப்பியிருக்கிறார்.

“தம்பி, உம்மட பெட்டி மெஷினைக் காப்பாத்தினது. மனிசனை நான்தான் காப்பாத்தினனான்.”

அவர்கள் அங்கிருந்தே திரும்பி வந்தார்கள். மெஷின் எரியாதபடியால் கரவனை விற்கும் பேச்சு எழவில்லை. அன்ரி சொன்ன சொல் தவறாதவர். பற்றறியை அங்கிள் வாங்கவில்லை. அன்ரி வந்து, அட்டையை வாசிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு போனார். எந்தப் பெட்டி நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், கூடப் படுப்பவருக்கு நித்திரை எப்படி என்றுதான் நான் முதலில் விசாரிக்கிறேன்.

2013 ஜூலை மாதம் குணம் அங்கிளும் பத்மா அன்ரியும் கெயின்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். மெஷின் அதே மெஷின்.