பவளுக்கு ஒரு படலை

என் வளவுக்குள் சண்டைக்காலத்துப் பவள்கள் நிற்கின்றன. கவச வாகனங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வது. ஊர்காவற்றுறைப் பக்கம், ஆமி தன் முகாமின் பின்புறத்தோடு சேர்த்துக் கம்பியடித்து எடுத்த வளவு அது. வீட்டின் அத்திவாரத்தின் மேல் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மிச்சமெல்லாம் மாமரத்துக்குக் கீழே. டயர்களில் காற்றில்லை. அடியில் பற்றை மண்டிக் கிடக்கிறது. இடைக்கிடை ஒரு சிப்பாய் வந்து ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பான். சிலது இருமும், சிலது அதுவும் செய்யாது. கேட்டால் 'ரிசேவ்' என்பார்கள். கண்டறியாத ரிசேவ். சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்தத் துருவுக்கு இருக்க இடமிருக்கிறது, எனக்கில்லை. நானும் என் கணவரும் ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்தில், கனடாவிலிருக்கும் அக்காவின் வீட்டில் இருந்துகொண்டு தினமும் அதைப் பார்க்கிறோம்.

போன மாசியில் ஒரு கதை வந்தது. நில அளவைக்காரர் வரப்போகிறார்களாம், வாகனம் நிறுத்துவதற்கென்று என் வளவை நிரந்தரமாகவே எடுக்கப்போகிறார்களாம்.

"இனி என்ன செய்யிறது. வேற காணி தந்தால் வாங்கிக்கொண்டு விடுவம்" என்றார் இவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நீங்கள் விடுவியள். அது என்ர சீதனக் காணி. நான் விடமாட்டன்."

அடுத்த கிழமை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் பனையோலை ஏற்றுவித்தேன். எங்கள் ஊரில் காணி வைத்திருப்பவர் வருடா வருடம் வேலி அடைக்க வேண்டும். ஓலை உக்கி விழுந்த வேலியைக் கண்டால் ஆளில்லாக் காணி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளக்க வருகிறவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. முகாமின் முட்கம்பிக்கு வெளியே, ஒழுங்கைக்கரையில், எங்கள் பழைய எல்லையின் கதியால் மரங்கள் இன்னும் தழைத்து நின்றன. அவற்றோடு ஓலையை வைத்துக் கட்டத் தொடங்கினோம். இவர் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார்.

"நீர் என்னையும் சேர்த்து உள்ளுக்குப் போடுவிக்கப் போறீர்."

"போடட்டும். எங்கட வளவுக்குள்ளதானே இருப்பம்."

மத்தியானம் முகாம் அதிகாரி வந்தார். தமிழ் பழகியவர், மரியாதை தெரிந்தவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாரும் அவரை 'சேர்' என்பார்கள். என் மகன் வயது, நான் தம்பி என்றே கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க கம்பி இருக்குதானே. வேலி எதுக்கு?"

"கம்பி உங்கட, தம்பி. வேலி என்ர."

"இந்த வாகனம் எல்லாம் வச்சிருக்க வேணும் அம்மா. திரும்பச் சண்டை வந்தால் தேவை."

"ஆரோட சண்டை?"

இவர் ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குப் பயமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கேட்டது கேட்டதுதான். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி, வாயால் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வேலி எங்கள் பழைய வாசலடிக்கு வந்தது. படலைக்கு மூன்றடி விட்டால் காணும் என்றார் இவர். ஆள் போய்வர அது காணும்தான். நான் அதிகாரியிடம் கேட்டேன்.

"தம்பி, உந்தப் பவளின்ர அகலம் எவ்வளவு?"

"எட்டு அடி வரும். ஏன் அம்மா?"

நான் இவர் பக்கம் திரும்பினேன். "அப்ப பத்தடி விடுங்கோ. கனகாலம் ஓடாத சாமான், நேரா வெளிய வராது."

அதிகாரிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் உள்ளே போய்விட்டார். இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முணுமுணுக்காமல் பத்தடி அளந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தகரமும் பிணைச்சலும் வாங்கி வந்ததும் அவர்தான்.

இரட்டைப் படலையை மாட்டிச் சங்கிலி போட்டுப் பூட்டினபோது அதிகாரி கம்பிக்கு உள்ளே வந்து நின்றார்.

"அம்மா, அளக்கிற ஆக்கள் வந்தால் இதைத் திறக்க வேணும். திறப்பைத் தாங்க."

"அளக்க வாறவைக்கு நான் திறக்கமாட்டன், தம்பி. நீங்கள் வெளிக்கிடுற அண்டைக்குச் சொல்லுங்கோ. ஓடிவந்து திறந்துவிடுறன்."