நாலாகப் பிய்த்த ரொட்டி சானாய்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். சும்மா இருந்த என்னைத் தலைமையாசிரியர் பல பள்ளிகள் சேர்ந்த ஓர் ஆசிரியர் வட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராக்கினார். சின்ன வேலைதான் என்றார். நாம் தயாரிக்கும் பயிற்சித்தாள்களைப் பூட்டி வைக்காமல் இணையத்தில் திறந்து போட வேண்டும். மற்ற ஆசிரியர்கள் எடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். முதலில் செய்தவர் பெயரை மட்டும் அடியில் விட்டுவைக்க வேண்டும். இதை எல்லோருக்கும் பழக்க வேண்டியது நான்.

நம் ஆசிரியர்களிடம் இது லேசில் நடக்குமா? வாட்ஸ்அப் புலனக் குழுவில் தாராளமாகப் பகிர்வார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தின் நடுவே பள்ளிச் சின்னம், மூலையில் தங்கள் புகைப்படம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி கடவுச்சொல். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என் பின்னப் பாடத்தைத் திறந்து போட்டேன். பீட்சாவை நான்காக வெட்டிய படம் அதில் இருந்தது.

கேரி தீவிலிருந்து வரும் ஓர் இளம் ஆசிரியை அதை எடுத்தார். அவருடைய பிள்ளைகளுக்குப் பீட்சா தூரம், ரொட்டி சானாய் பக்கம். அதனால் ஒரு ரொட்டி சானாயை, கடையில் குழம்பில் தோய்க்க நாம் பிய்ப்போமே, அப்படியே நாலாகப் பிய்த்துப் படம் எடுத்து, ஒவ்வொரு துண்டின் மேலும் 'கால்' என்று எழுதிவிட்டார். ஒரு துண்டு உள்ளங்கை அளவு. இன்னொன்று ஒரு வாய்க்குக் காணாது. பின்னம் என்றால் சம பாகம், அதுவே போய்விட்டது. அடியில் மட்டும் விதிப்படி, அட்சரம் பிசகாமல், என் பெயர்.

அது எப்படியோ சுற்றி என் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கே வந்து சேர்ந்தது. "டீச்சருக்கே பின்னம் தெரியல லா" என்று ஓர் அம்மா எழுத, சிரிப்புப் படங்கள் குவிந்தன. ஓர் அப்பா தன் மகளை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லிப் பள்ளிக்கே வந்தார். எனக்கு அழுகையாக வந்தது.

"அந்தத் தாள எடுத்துருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

எடுக்க முடியாது. திறந்து கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். திருத்திய தாள் ஒன்றைப் போட்டேன். அதை யாரும் சீண்டவில்லை.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வட்டத்தின் மாதப் பட்டறை. பூட்டுக் கட்சியின் தலைவியான மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து அந்தத் தாளைத் திரையில் போட்டார். "உங்க தாள்ல பீட்சாதானே இருந்துச்சு? இது யார் கைய வெச்சது, சொல்லுங்க."

கேரி தீவு ஆசிரியை கடைசி வரிசையில் குனிந்து கைப்பை வாரைத் திருகிக்கொண்டிருந்தார். சொன்னால் என் பெயர் பிழைக்கும். ஆனால் அவர் இந்த ஜென்மத்தில் இன்னொரு தாளைத் தொடமாட்டார். மற்றவர்களும், நாளைக்கு நம்மையும் இவள் காட்டிக்கொடுப்பாள் என்று பூட்டிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் கணக்குத் தெரியாத கணக்கு டீச்சர் நான். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தேன். கதவைத் திறந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"என் பேர்தானே இருக்கு. என்னோடதுன்னே வெச்சிக்குங்க" என்றேன்.

"சொல்ல மாட்டீங்க, சரி. இதுக்குத்தான் நான் பூட்டி வைக்கிறது." அவர் உட்கார்ந்தார். தலைகள் ஆடின. மடிக்கணினிகள் ஒவ்வொன்றாக மூடின. அதற்குப் பிறகு பட்டறையில் ஒரு தாள்கூட ஏறவில்லை. அடுத்த மாதமும் நான்தான் நடத்த வேண்டும்.

கீழே வடைக் கடை ஓரம் அந்த இளம் ஆசிரியை எனக்காகக் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நான்தான் மாத்தினேன்னு ஏன் டீச்சர் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்ததப் போடுவீங்களா?"

"உங்க தசமப் பாடத்தயும் காலையிலயே மாத்திப் போட்டுட்டேனே டீச்சர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சமாதானம் சொல்வதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதீங்க. உங்க பேர நான் எடுக்கல."