சர்க்கரையோடு திரும்பிய தட்டு

மீன் அழுகிய வாடை என்று தெருவே சொன்னது. அழுகலும் இல்லை, ஒன்றும் இல்லை. மீனை உப்பில் ஊறவைத்து வடித்த, புதுச்சேரியிலிருந்து அப்பா வாங்கி வரும் "மீன் தண்ணி"யை என் அம்மா கிண்ணத்தில் ஊற்றும்போது எழும் வாடை அது. வாரம் தவறாமல் கருவாடு வறுத்த எங்கள் திண்டிவனத்துத் தெருவுக்கு இது மட்டும் நாறியது.

அம்மா வியட்நாமிலிருந்து வந்த சைகோன்காரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஐம்பதுகளில் அவளையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர். எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. தன் ஊர் வருஷப் பிறப்புக்கு அம்மா, மெல்லிய அரிசித் தாளில் இறாலும் முட்டையும் சேமியாவும் வைத்துச் சுருட்டி, "நெம்" பொரிப்பாள். அதை எனாமல் தட்டில் அடுக்கி, எதிர்வீட்டு அலமேலு அத்தைக்கு என்னிடம் கொடுத்தனுப்புவாள். தொட்டுக்கொள்ளும் மீன் தண்ணியை மட்டும் அனுப்பமாட்டாள். அத்தைக்கு அந்த வாடை ஆகாது.

பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டு ஒரு பிடி சர்க்கரையோடு திரும்பும். "அலமேலு நல்லா சாப்பிட்டா" என்று, தெரிந்த கொஞ்சம் தமிழில் அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒன்பது வயதில், கோழியை விரட்டிக்கொண்டு அத்தை வீட்டுப் பின்பக்கம் போனேன். எருக்குழியில் நெம் கிடந்தது. ஒன்றில்கூடப் பல் படவில்லை. அத்தை உள்ளே யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள தவளையோ பாம்போ, யாரு கண்டா? அந்தப் பொண்ணு தட்ட வச்சிக்கினு வாசல்ல நிக்குது, வேணாம்னா சொல்ல முடியும்?"

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதியும் இல்லாமல் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் தட்டோடு ஏரிக்கரைக்குப் போய், தனியாக உட்கார்ந்து அத்தனையையும் தின்றேன். தட்டைக் கழுவிப் பாவாடையில் துடைத்து, எங்கள் டின்னிலிருந்தே எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சர்க்கரையைக் கொட்டி, வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்கம்மா."

பள்ளிக்கூடம் முடியும்வரை வருஷாவருஷம் இதேதான்.

இப்போது அதே தெருமுனையில் தள்ளுவண்டியில் "ஸ்பிரிங் ரோல்" விற்கிறார்கள். அத்தையின் பேரப்பிள்ளைகள் முண்டியடித்து வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மாவும் இல்லை, அந்த வாடையும் இல்லை. தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது.

ஏரிக்கரையில் தின்ற முதல் வருஷத்துக்குப் பிறகு, தட்டின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணமும் வைத்து அம்மா அனுப்ப ஆரம்பித்தாள். கிண்ணம் நிறைய மீன் தண்ணி. அது இல்லாமல் எனக்கு நெம் இறங்காது.