ஞாயிற்றுக்கிழமைப் பின்னிருக்கை

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் குளிர்காலத்தில் நான் முதன்முதலாகக் கண்டபோது, பிரியதர்ஷினி பழைய பல் துலக்கியால் மோட்டார் சைக்கிளின் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தில்லியின் துவாரகா பகுதியில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளம். இருபுறமும் அலுமினியப் பெட்டிகள் தொங்கும், நெடும்பயணத்துக்கென்றே செய்த கனத்த வண்டி. நிமிராமலேயே, "பாத்து டீச்சர், கிரீஸ் இருக்கு" என்றார். நான் ஆசிரியையாக இருந்தவள் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை, தனியாள். வயது இப்போது ஐம்பத்திரண்டு. லே நகருக்கு மூன்று முறை, கன்னியாகுமரிக்கு ஒரு முறை அந்த வண்டியிலேயே போய்வந்தவர். வலப்பக்கப் பெட்டியில் பஞ்சர் ஒட்டும் சாமான்கள். இடப்பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். தொலைவைக் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். வழியில் நிறுத்திக் குடிக்கும் தேநீரே அவருக்கு மைல்கல். "ஜெய்ப்பூரா? மூணு சாய், டீச்சர். மணாலின்னா எட்டு."

சென்ற மழைக்காலத்தில் அவருடைய இடக்கை வலுவிழந்தது. முதலில் ஊறுகாய்ப் புட்டியின் மூடி திறக்க வரவில்லை. பிறகு கிளட்ச் பிடிக்க வரவில்லை. நரம்பு மருத்துவர் கூறியதை என்னிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "கிளட்ச் கேபிள்னா மாத்திடலாம். இதை மாத்த முடியாதாம். தோளுக்கு ஏறும், அப்புறம் காலுக்காம்."

வண்டிக்கு வரும் பிப்ரவரியில் பதினைந்து ஆண்டுகள் நிறைகின்றன. அதன்பின் சட்டப்படி தில்லித் தெருவில் அது ஓடக்கூடாது. உடைத்துப் பழைய இரும்பாகப் போடவேண்டியதுதான். அதற்குள் வெளியூர்க்காரர் ஒருவரிடம் சேர்த்துவிடவேண்டும் என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களின் கண்கள் அவரைத் தாண்டி ஓர் ஆணைத் தேடின; வண்டிக்குச் சொந்தக்கார 'பையா', அதாவது அண்ணன், எங்கே என்று விசாரித்தார்கள். அந்த பையா நான்தான் என்று இந்தியில் பதில் சொல்லிவிட்டு, வந்தவரின் அடையாள அட்டையை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர் அப்படியே மறைந்துவிடுவதும் இந்நகரில் உண்டு. ஆகையால், விற்பவர் பின்னால் அமர்ந்து செல்வது வழக்கம். பிரியதர்ஷினியும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஏறுவார். மெட்ரோ நிலையம் வரை ஒரு சுற்று. திரும்பியதும் மறுத்துவிடுவார். ஒருவர் கியரை உதைக்கிறாராம். இன்னொருவருக்கு பிரேக் பிடிக்கவே தெரியவில்லையாம்.

ஏழு ஞாயிறுகள் இவ்வாறு கழிந்தன. பொங்கலும் போயிற்று. கெடு நெருங்குகிறதே, யாருக்காவது கொடுத்துவிடக்கூடாதா என்று கேட்டேன்.

"குடுத்துட்டா, ஞாயித்துக்கிழமை யாரு டீச்சர் என்னை ஏத்திக்கிட்டுப் போவாங்க?"

சென்ற ஞாயிறன்று மலையடிவார ஊரான ஹல்த்வானியிலிருந்து ஆரிப் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். விலையைக் கேட்பதற்கு முன்பு குனிந்து, சங்கிலியை விரலால் தொட்டுப் பார்த்தார். அதைக் கண்ட பிரியதர்ஷினி என்னைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பின்னிருக்கையைப் பற்றினார். வலக்கால் எழவில்லை. மறுமுறையும் எழவில்லை. ஆரிப் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்திருந்த பக்கக் கண்ணாடியையே மீண்டும் துடைத்தார்.

சாவியோடு, வாங்கி வைத்திருந்த அடையாள அட்டையையும் அவரிடமே கொடுத்து, தனியே போய்வரச் சொன்னார் பிரியதர்ஷினி. கால் மணி நேரத்தில் ஆரிப் திரும்பிவிட்டார். வாயிலின் வேகத்தடையில் அவர் வண்டியை ஏற்றி இறக்கிய பக்குவத்தைக் கண்டதும், "அச்சா, இவருக்கே குடுத்துடலாம்" என்றார் பிரியதர்ஷினி என்னிடம்.

படிவங்களில் கையெழுத்திட்டார். ஊறுகாய்ப் புட்டியை எடுக்க நான் பெட்டியைத் திறந்தபோது, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். ஹல்த்வானி மூன்றரை சாய் தூரம், அவசரப்படவேண்டாம் என்று வண்டியில் ஏறி அமர்ந்துவிட்ட ஆரிப்புக்குச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் இறங்கி நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் ஒதுங்கினார்.

பிரியதர்ஷினி இடக்கையை வலக்கையால் தூக்கிக் கிளட்சின்மேல் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை.

"டீச்சர், உங்க கையை என் கை மேல வெச்சு ஒரு தடவை அமுக்குங்க."