யாரும் கலக்காத விஷம்

வேண்டா என்பது ஆசையாக வைத்த பெயர் அல்ல. மூன்று பெண்களுக்குப் பிறகு அவளும் பெண்ணாகப் பிறந்தபோது, இனிமேல் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லும் விதமாக வைத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் அந்தப் பெயரோடு ஏராளமான பெண்கள் உண்டு. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

காட்டாங்கொளத்தூருக்கு மேற்கே ஒரு காலனிக்கு ஏசுதாஸைக் கட்டிக்கொண்டு வந்தாள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊர்க்காரர்கள் வயலில் நடவும் களையும்தான் பிழைப்பு. தொண்ணூறுகளில் அந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக் கல் நடப்பட்டன. பொத்தேரியில் கல்லூரி வளர வளர அதைச் சுற்றி விடுதிகள் முளைத்தன. நிலம் விற்றவர்கள் கையில் காசு இருந்தது. நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு வேலை போயிற்று. ஏசுதாஸ் ஒரு ரோஜா நர்சரியில் செடிக்கு மருந்தடிக்கப் போனான். வேண்டா, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆண்கள் விடுதியில் காய் நறுக்கப் போனாள்.

காய் நறுக்கினவள் சாம்பார் கூட்ட ஆரம்பித்தாள். சமையல் மாஸ்டராக இருந்த பாலக்காட்டுக்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, சமையலே அவள் கைக்கு வந்தது. மாடியில் இருந்த பையன்களில் பாதிப்பேர் பீகார், டெல்லிப் பக்கம். "ஆன்ட்டி, தோடா அவுர்" என்று இன்னும் கொஞ்சம் கேட்டுத் தட்டை நீட்டுவார்கள். அவள் எந்தத் தெருக்காரி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர்களுக்கு அக்கறை இல்லை. அவள் நட்ட நெல்லைத் தின்றவர்கள் அவள் வடித்த சோற்றைத் தின்றதில்லை. இங்கே நூற்றுக்கணக்கான பேர் தின்றார்கள். அவளுடைய வாழ்க்கையில் தலை நிமிர்ந்து நடந்த காலம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த நாலைந்து வருஷம்தான்.

வடக்கத்திப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ராஜ்மா வேண்டும். சிறுநீரக வடிவத்தில், கருஞ்சிவப்பாக இருக்கும் அந்தக் கொட்டையை வேண்டா அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு பையன் சமையல்கட்டுக்கே வந்து நின்று கற்றுக்கொடுத்தான். முதல்நாள் ஊறப்போட்டு, கேன்டீன் குக்கரில் நிறைய விசில் விட்டு, தக்காளி மசாலாவில் கொட்ட வேண்டும். அவளுக்கு அது கைவந்துவிட்டது. ஏன் அத்தனை விசில் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. அவன் அம்மா அப்படிச் செய்தாள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்றில், ஒரு சனிக்கிழமை குக்கரின் கேஸ்கெட் கிழிந்தது. வேண்டா மேனேஜர் தாமோதரனிடம் போய்ச் சொன்னாள். விடுதிக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். இங்கே எல்லாம் தாமோதரன்தான்.

"கேஸ்கெட் பூட்ச்சி சார். நாளைக்கு ராஜ்மா போட முடியாது. வேற எதனா பண்ணிடட்டுமா?"

"ஊறப்போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"அப்புறம் இன்னா? அண்டாவுல போட்டு மூடி வையி. காலையிலேர்ந்து சிம்முல வெச்சா தானா வெந்துடும். பெரிய அடுப்புல வெக்காத, ஒரு சிலிண்டர்தான் கீது. சோறு வடிக்கணும்."

அப்படியே செய்தாள். ஊறின தண்ணீரோடு அண்டாவில் கொட்டி, சின்ன அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் சுட்டது, ஆவி வந்தது, கொதிக்கவில்லை. பதினோரு மணி வாக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மேலே மெத்தென்று இருந்தது. நடுவில் பல்லில் தட்டியது. மறுபடியும் தாமோதரனிடம் போனாள்.

"சரியா வேகல சார்."

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "சாஸ்தி வெந்தா மாவாப் பூடும். காரம் தூக்கலாப் போடு, தின்னுட்டுப் போவானுங்க."

தின்றார்கள். ருசியாகத்தான் இருந்தது. வேண்டாவும் பசியில் ஒரு கரண்டி சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள்.

மத்தியான ஆட்டம் தொடங்கியிருந்தது. பையன்கள் பொது அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு பேர். பிறகு மாடிப்படி, வராந்தா, குழாயடி, எங்கு பார்த்தாலும் பையன்கள் குனிந்து நின்றார்கள். சிலர் நிற்கக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்தார்கள். ஷேர் ஆட்டோக்களிலும் யாரோ கொடுத்த வேனிலும் ஏற்றி நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். வேண்டா பின்பக்கக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். பயத்தில் வருகிறது என்று நினைத்தாள். அவளும் சாப்பிட்டாளா என்று அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒருவரும் கேட்கவில்லை.

யாரும் சாகவில்லை. மறுநாளே பெரும்பாலோர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் டெல்லியிலிருந்து அப்பாக்கள் போன் செய்திருந்தார்கள், நிருபர்கள் வந்திருந்தார்கள், போலீஸ் வந்திருந்தது. சமைத்தது யார் என்று கேட்டபோது தாமோதரன் அவளுடைய பெயரைச் சொன்னான். கூடவே காலனியின் பெயரையும் சொன்னான்.

"கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டா சார். நான் குடுக்கல. அதுலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தா."

லீவு கேட்டது உண்மை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது பொய்.

போலீஸ்காரர்கள் வீட்டைச் சோதித்தார்கள். கூரையில் செருகியிருந்த பூச்சிமருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். நர்சரியில் மீந்ததை ஏசுதாஸ் எறும்புக்காகக் கொண்டுவந்து வைத்திருந்தான். அடுத்த நாள் பேப்பரில் அவளுடைய போட்டோ இல்லை. பாட்டிலின் போட்டோ இருந்தது. இரண்டு நாள் அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் போலீஸ் அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கையாலயா அவ்ளோ பேருக்குப் போட்ட?" என்று கேட்டாள்.

வெளியே விட்டபோது ஏசுதாஸ் வாசலில் நின்றிருந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னான்:

"நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும்மே. அது போதும்."

அது போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் ஜெபாவின் டிபன் பாக்ஸிலிருந்து தோழிகள் யாரும் ஒரு வாய் எடுப்பதில்லை. ஒரு சாயங்காலம் ஜெபா புத்தகப் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ம்மா, நெஜமா சொல்லு. கைய ஒழுங்கா கழுவிட்டுத்தான் ஆக்குனியா?"

போலீஸ்காரி கேட்டதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

சோதனைக்குப் போன மாதிரிகளில் பூச்சிமருந்து இல்லை, வேறு எந்த மருந்தும் இல்லை என்று பல மாதம் கழித்துத் தெரிந்தது. எஸ்.ஐ. அவளைக் கூப்பிட்டு, "விஷம் எதுவும் கலக்கலையாம். போ" என்றார். அப்படியானால் பையன்களுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். "அழுக்கா எதாவது பட்டிருக்கும். அடுத்த இடத்துலயாவது சுத்தமா இரு" என்றார் அவர். பாட்டில் போட்டோ போட்ட பேப்பரில் இந்தச் செய்தி வரவில்லை. காலனியில்கூட யாரும் கல்யாண வீட்டுக்கு அவளைச் சமைக்கக் கூப்பிடவில்லை. தேநீர் கொடுத்தால் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டுப் போனார்கள்.

சுனாமி வந்துபோன மறுவருஷம் அவர்கள் கல்பாக்கம் பக்கம் குடிபெயர்ந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் ஏசுதாஸின் அக்கா இருந்தாள். அணுமின் நிலையக் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னென்ன தெரியும் என்று கேட்டவர்களிடம் வேண்டா, "பாத்திரம் தேய்ப்பேன், பெருக்கித் துடைப்பேன்" என்றாள். சமையலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜெபாவை அங்கிருந்தே செங்கல்பட்டில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பொத்தேரிக் கதை எதுவும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம் ஏசுதாஸ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான்.

வேண்டா வேலை செய்த வீடுகளில் கல்யாணியின் வீடும் ஒன்று. அவளுடைய கணவர் கோபாலகிருஷ்ணன் ஆராய்ச்சி மையத்தில் இருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. சில வருஷம் மும்பையில் இருந்துவிட்டு வந்தவர்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு காலை, கல்யாணி ஒரு பாத்திரத்தை அவளிடம் நீட்டினாள்.

"வேண்டா, இந்தத் தண்ணிய வடிச்சுக் கீழ கொட்டிட்டு, கொட்டைய நல்லா அலசிக் குடு."

வேண்டா பாத்திரத்துக்குள் பார்த்தாள். ஆறு வருஷமாக அவள் பார்க்காத கருஞ்சிவப்புக் கொட்டை, ஊறிப் பருத்துக் கிடந்தது.

"தண்ணிய எதுக்கும்மா கொட்டணும்?"

"அதுல விஷம் இருக்கு."

வேண்டா பாத்திரத்தை மேடையில் வைத்தாள். வைத்தாளா, நழுவியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"விஷமா? யாரும்மா வெச்சது?"

கல்யாணி சிரித்தாள். "யாரும் வைக்கல. கொட்டையிலேயே இருக்கு, அதோட கூடவே வளருது. பூச்சி தின்னாம இருக்க அதுவே வச்சுக்கிட்டதுன்னு இவர் சொல்லுவார். ஊறவச்ச தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணியில தளதளன்னு நல்லா கொதிக்கவிட்டா போயிடும். மும்பையில புதுசுல எனக்குத் தெரியாது. கேஸ் மிச்சம் பிடிக்கலாம்னு சின்னத் தீயில வச்சுட்டுக் கோவிலுக்குப் போயிட்டேன். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பேரும் வாந்தி, பேதி. டாக்டர்தான் சொன்னார், அரைகுறைச் சூட்டுல வைக்கிறது பச்சையாத் தின்றதவிட மோசமாம்."

வேண்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணி பதறி, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்டு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். வேண்டா அதைக் குடித்துவிட்டுக் கொட்டையை அலசிக் கொடுத்தாள். பாத்திரம் தேய்த்தாள். வீட்டைப் பெருக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய ஆள் வேறு என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் மாறிப் பொத்தேரிக்குப் போனாள். தாமோதரன் இப்போது விடுதியில் இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் சொந்தமாக மெஸ் வைத்திருந்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"இன்னா வேண்டா, எங்க கீற? ஏசு எப்டி கீறான்?"

"செத்துட்டான். சார், அன்னிக்கு ஏன் வாந்தி எடுத்தானுங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கையில ஒண்ணும் இல்ல. அந்தக் கொட்டை வேகல. வேகலன்னா அதுவே விஷமாம்."

ஆச்சரியப்படுவான், இல்லை சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்துத்தான் வழியெல்லாம் பேச்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவனுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினான். பிறகு குரலைத் தணித்தான்.

"அது அப்பவே தெரியும். நர்சிங் ஹோம்ல இருந்த டாக்டரம்மா ரெண்டாவது நாளே கேட்டுச்சு, இன்னா சாப்ட்டானுங்க, எப்டி ஆக்குனீங்கன்னு. கேட்டுட்டு அதான் சொல்லிச்சு."

"அப்ப நான் ஸ்டேஷன்ல இருந்தேன்."

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே சார்."

"எப்டி சொல்றது? சிம்முல வெக்கச் சொன்னது யாருன்னு கேப்பான். கேஸ்கெட் ஏன் வாங்கலன்னு கேப்பான். ஓனர் என்ன அன்னிக்கே தூக்கியிருப்பான். உன்ன ரெண்டு நாள்ல வுட்டுட்டாங்க இல்ல? இன்னா பெருசா ஆயிடுச்சி?" பக்கத்து மேசையைக் காட்டினான். "ஒக்காரு. சாப்ட்டுட்டுப் போ."

அவனை அடிக்க வேண்டும் என்று அவளுக்குக் கை எழுந்தது. சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் எழுந்த கையை நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவி கல்லாவில் தகராறு பண்ணுகிறாள் என்பதற்கு மேல் அவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. அவள் கையை இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கிருந்து ரயிலேறிச் செங்கல்பட்டில் ஜெபாவின் வீட்டுக்குப் போனாள். மாமியார் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வேண்டா சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டை, தண்ணீர், அரைச்சூடு, தாமோதரன் சொன்னது. ஜெபா முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் எட்டி வாசலைப் பார்த்தாள்.

"சரிம்மா. இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"இன்னா பண்றதா? நீ கேட்டியே அன்னிக்கு, கை கழுவுனியான்னு. கழுவுனேன்டி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் சின்னப் பொண்ணும்மா அப்ப. எதோ கேட்டுட்டேன்." ஜெபாவின் கண் கலங்கியது. ஆனாலும் குரல் இறுகியே இருந்தது. "இங்க யாருக்கும் அந்த விஷயமே தெரியாது. நீ பண்ணலன்னு சொல்லணும்னா மொதல்ல அப்டி ஒண்ணு நடந்துச்சுன்னு சொல்லணும். எங்க மாமியாருக்கு அந்த முதல் பாதி போதும். ரெண்டாவது பாதிய அது காதுல வாங்காது. கிளறாதம்மா. உன் கால்ல வேணா வுழுறேன்."

மகள் சொன்னதில் வேண்டாவால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மாமியார் வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கல்யாணியின் வீட்டில் ராஜ்மா செய்கிற நாட்களில் சொல்லாமலே தண்ணீரைக் கொட்டிவிடுவாள். அந்த வருஷக் கடைசியில் கல்யாணி கருப்பை அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்தாள். எழுந்து அடுப்பண்டை நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"வேண்டா, ஒரு ரெண்டு மாசம் நீயே சமைச்சுடேன். உன் கை சுத்தம். எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு. ஒரு குழம்பு, ஒரு பொரியல் போதும்."

வேண்டா துடைத்துக்கொண்டிருந்த தரையிலிருந்து நிமிரவில்லை.

"எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா" என்றாள்.

கல்யாணி புதுப்பட்டினத்திலிருந்து வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்துகொண்டாள். அந்தப் பெண் சாம்பாரில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டாள். வேண்டா பேசாமல் பாத்திரம் தேய்த்தாள்.